பக்கம் மாற்றினால் சரியாகாது

தம்பி,

இருபது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சிக்னல் சரியில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கி அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதோடு எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். பத்தாவது வரை படித்தவன்தான், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கிழித்துப் போடுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி. நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தர்ஷினியின் முதுகை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டு. மீதி எழுதப்போவதெல்லாம், நீ ஏன் என் பேச்சை நம்ப மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்வதற்காகத்தான்.

உன் அம்மாவின் வருஷத் திதி அன்று நடந்ததை மறுபடியும் சொல்கிறேன், போனில் நீ பாதியிலேயே வெட்டிவிட்டாய். படையல் முடிந்தது. உன் வீட்டுக்காரி தர்ஷினியைப் பார்த்து, "தாத்தா கால்ல விழுந்து கும்பிட்டுக்கோடி" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே முழுசாக விழுகின்றன? பாதி குனிந்து விரல் நுனியால் காலைத் தொட்டுவிட்டு எழுந்துவிடும். அவளும் அப்படித்தான் குனிந்தாள். நான் திருநீறு பூசக் கையை எடுத்தேன், மேலே இருந்து அவள் முதுகைப் பார்த்தேன். வலது பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடது பக்கத்தைவிட மேடாக இருந்தது. உப்புப் பாத்தியில் அடிமண் ஒரு பக்கம் பொங்கியிருந்தால் தண்ணீர் நிற்கிற மட்டத்திலேயே தெரியும் பார், அப்படித் தெரிந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. "சீக்கிரம் பூசுங்க தாத்தா, காலு வலிக்குது" என்று அவள் சிரித்தாள். நீ வாழை இலையை மடித்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் போனில் சொன்னேன். "புள்ள போன பாத்துப் பாத்து கூனிக்கிட்டு உக்கார்றாப்பா. நேரா உக்காருன்னு தெனம் கத்திக்கிட்டுதான் இருக்கேன். எல்லாத்தையும் உப்பளத்துக் கண்ணால பாக்காத" என்றாய். நான் விடவில்லை. இல்லைடா, இது கூன் இல்லை, நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்: "நீ வைத்தியம் பாத்த லட்சணம் என் முதுகுல இருக்குது. எம் புள்ளைய விட்டுடு." அதோடு போன் கட். நீ சொன்னதில் தப்பே இல்லை, தம்பி. சொல்லப்போனால் நீ குறைத்துச் சொல்லிவிட்டாய். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

நான் மேஸ்திரியாக இருந்த முப்பது வருஷத்தில் உப்பளத்தில் முதுகுவலி என்றால் என்னிடம்தான் வருவார்கள். உனக்கே ஞாபகம் இருக்கும். உப்பு வாருகிற பலகையை ஒரே பக்கமாக இழுத்து இழுத்து ஒரு தோள் இறங்கிவிடும், இடுப்பு ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளும். அதற்கு நான் வைத்திருந்த ஒரே வைத்தியம் பக்கம் மாற்றுவது. பதினைந்து நாள் வலக்கை முன்னால் என்றால் அடுத்த பதினைந்து நாள் இடக்கை முன்னால். கூடை தூக்கும் பெண்களுக்கும் அதுதான், இறக்கும்போது இந்தக் கை, ஏற்றும்போது அந்தக் கை. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வலி குறைந்தது. எனக்கும் மண்டைக்கனம் ஏறிவிட்டது. "மேஸ்திரி கண்ணாலயே முதுக அளந்துடுவாரு" என்று ஆட்கள் கிண்டலும் பெருமையுமாகச் சொல்வார்கள். நான் அதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நீ ஏழாவது படித்தபோது உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். பையன்களையெல்லாம் சட்டையைக் கழற்றச் சொல்லி வராந்தாவில் வரிசையாகக் குனியவைத்துப் பார்த்திருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து, "எல்லாருக்கும் பூச்சி மாத்திரை, எனக்கு மட்டும் சீட்டு" என்று ஒரு காகிதத்தை நீட்டினாய். முதுகெலும்பு வளைவு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டவும் என்று எழுதியிருந்தது. உடனே என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருந்தது. நான் அந்தச் சீட்டைப் படித்தேன், தம்பி. தமிழில்தான் எழுதியிருந்தார். புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. உன்னைத் திருப்பி நிற்கவைத்துப் பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. முதுகைப் பற்றி எனக்கே சொல்லவந்துவிட்டார்களா என்று நினைத்தேன். அது பங்குனி மாதம், பாத்தியெல்லாம் உப்பு பூத்து நின்றது. ஒரு நாள் நான் நகர்ந்தால் வேலை நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், மறுநாள் வேர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் அது கூழாகிவிட்டது.

நாலு நாள் கழித்து உன் அம்மா கேட்டாள். "அந்தச் சீட்டு என்னாச்சுங்க? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" நான் வாயைத் திறந்து, "காட்டிட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வளர்ற புள்ள, தானா சரியாயிடுமாம்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு உன் முதுகைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், "டாக்டரே ஒண்ணுமில்லன்னாங்களே" என்று தனக்குத்தானே சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வாள். என் காதில் விழும்படி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த நாளில்கூட நீ மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவந்ததைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே வேற டாக்டர்கிட்டயும் காட்டியிருக்கலாமோ" என்று என்னைக் கேட்டாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதற்கு இனி எனக்கு வழியில்லை.

அந்தச் சீட்டு கரைந்த மறுவாரத்திலிருந்து உனக்கு நான் என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். நம் வீட்டுக் கிணறு உப்பு என்பதால் தெருக்குழாயிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவருவது உன் வேலை. உன் வலது தோளைத் தொட்டு, "இனிமே இடுப்புல இடப்பக்கமே குடத்த வை, அந்தத் தோளு தானா இறங்கிடும்" என்றேன். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, மூன்று வருஷம் நீ அந்த நீலக் குடத்தை இடப்பக்கமே தூக்கினாய். மறந்து வலப்பக்கம் மாற்றினால் நான் டேய் என்று கத்துவேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. அப்பாவுக்குத் தெரியும் என்று நம்பினாய். மடக்கென்று உயரமாக வளர்ந்ததும் அந்த மூன்று வருஷத்தில்தான். நீ உயர உயர உன் முதுகும் சேர்ந்து வளைந்திருக்கிறது. நான் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகிவருகிறது என்று உன் அம்மாவிடம் வேறு சொன்னேன்.

கண்ணில் படாமல் இல்லை. தையல்கடைக்காரர் உன் சட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் ஏறி நிக்குதே, அந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கி வைக்கட்டா மேஸ்திரி?" என்று கேட்டார். வை என்றேன். உன் கல்யாணத்தில் போட்டோக்காரர், "மாப்ள, தோள நேரா வைங்க" என்று மூன்று தடவை சொன்னார். "அவன் ஸ்டைலா நிக்கிறான்யா" என்று நான் மைக் வைத்தமாதிரி கத்தினேன், சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்த போட்டோ இப்போது என் கட்டிலுக்கு எதிரில் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த போலீஸ் செலக்ஷனைச் சொல்லாமல் விடமாட்டேன். ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் வந்தாய். நெஞ்சளவு எடுத்தவர் இரண்டு தடவை டேப் வைத்துவிட்டு, திரும்பி நில் என்று சொல்லி முதுகைப் பார்த்தாராம். அங்கிருந்த டாக்டர், சின்ன வயசிலேயே பார்த்திருந்தால் பெல்ட் போட்டு மேற்கொண்டு வளையாமல் நிறுத்தியிருக்கலாமே தம்பி என்றாராம். நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டாய், "ஏம்பா, சின்ன வயசுல ஸ்கூல்ல ஒரு சீட்டு குடுத்தாங்களே, அது என்ன சீட்டு?" நான், "அது ரத்தம் கம்மின்னு குடுத்ததுடா. முதுகப் பத்தி யாரும் எதுவும் சொல்லல" என்றேன். உன் அம்மாவிடம் ஒரு பொய், உன்னிடம் ஒரு பொய். நீ என்னைப் பார்த்த பார்வையில் நீ நம்பவில்லை என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக நீ எனக்குப் போட்டுவரும் போனெல்லாம் சாப்டியா, மாத்திர போட்டியா, வெக்கட்டா என்பதோடு நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்றும் தெரியும்.

இப்போது அந்த டாக்டரம்மா பேச்சைக் கேட்காத பாவத்துக்கு, அறுபத்தைந்து வயசில் நானே ஆஸ்பத்திரி போனேன். மழைக்காலம், உப்பளமெல்லாம் ஒரே தண்ணீர், எனக்கு வேறு வேலை இல்லை. திண்டிவனத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒருத்தி, நம் தர்ஷினியின் சித்தி வயசு இருக்கும். என் முதுகைக் காட்டுகிற சாக்கில் பேத்தியைப் பற்றிக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "ஐயா, ரெண்டு வகை இருக்குங்க. பழக்கத்துல வர்ற கூன் ஒண்ணு, எலும்பே திரும்பிக்கிட்டு வளையிறது இன்னொண்ணு. பழக்கத்துல வந்தது நிமிருன்னா நிமிரும், படுத்தா காணாமப் போயிடும். எலும்பு வளைஞ்சது எப்படி நின்னாலும் போகாதுங்க. காலு ரெண்டையும் சேத்து வெச்சு, முட்டி மடங்காம, கையக் கூப்பித் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்க. பின்னால உக்காந்து பாத்தீங்கன்னா ஒரு பக்கம் மேடு தெரியும்." நான் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "குடம் தூக்குறதால இது வர்றதில்லைங்க. பக்கம் மாத்துறதால போறதும் இல்ல. பெரும்பாலும் காரணமே தெரியாது. புள்ளைக்கு என்ன வயசு?" என்றாள். பதினொன்று, இன்னும் வயசுக்கு வரவில்லை என்றேன். "அப்படின்னா இனிமேதான் மடமடன்னு வளருவா. வளர்றப்பதான் வேகமா வளையும். குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதா?" என்று கேட்டாள். அவள் அப்பாவுக்கு இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "லேட் பண்ணாதீங்க ஐயா. ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும். பெல்ட்டு போடணுமா, சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமான்னு டாக்டர் சொல்லிடுவாரு" என்றாள்.

உனக்கும் சேர்த்துத்தான் கேட்டுவந்தேன். உன் வளைவு இனி நேராகாது என்று அவள் சொன்னபோது அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. ஆனால் வலியைக் குறைக்கலாமாம், மூச்சைக் கூட்டலாமாம், அதற்கென்று பயிற்சி இருக்கிறதாம், அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தபடி செய்யவேண்டுமாம். நீ கடையில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் பில் போடுகிறாய். திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கி வை, கீழே நாலு பழைய பில் புத்தகத்தை அடுக்கினால் போதும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நட. பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதே, இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், நீ அந்தத் தடி பர்ஸை விடவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போனைப் பார்க்கக் கழுத்தைத் தொங்கவிடாமல் போனை மேலே கொண்டுவா. கீழே கிடக்கிற பொருளை எடுக்க முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கு. இதெல்லாம் பழக்கத்தில் வந்த கோணலுக்குத்தான் மருந்து என்பதையும் அவள் இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். தர்ஷினியை நேரா உட்கார் என்று நீ கத்துவது இந்த மருந்துதான். அவள் சாய்ந்து உட்கார்ந்திருப்பது சோம்பலில் இல்லை என்றால், நீ கத்தக் கத்த அந்தப் பிள்ளை என்ன செய்யும், சொல். முடியாததைச் செய்யச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பாள். நீ வாங்கினாயே, அப்படி.

இதுவரை எழுதினதை நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். இனி எழுதப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. போன செவ்வாய்க்கிழமை உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். உன் வீட்டுக்கு வர தைரியமில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றேன். தர்ஷினி தோழிகளோடு வந்தாள். எல்லாப் பிள்ளைகளும் பையை இரண்டு தோளிலும் மாட்டியிருந்தன, இவள் மட்டும் இடது தோளில் ஒற்றை வாரில் தொங்கவிட்டிருந்தாள். பாரம் தாங்காமல் உடம்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "ஏம்மா, பைய ரெண்டு தோள்லயும் மாட்டலாம்ல?" என்று கேட்டேன். "அப்பாதான் தாத்தா ஸ்கூல் தொறந்தப்பவே சொன்னாரு. இந்தத் தோள்லயே மாட்டு, அந்தத் தோளு தானா இறங்கிடும்னு" என்றாள்.

தம்பி, அப்படியென்றால் நீயும் பார்த்திருக்கிறாய். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் தோள் தூக்கலாக இருப்பது உன் கண்ணில் பட்டிருக்கிறது. என் வைத்தியத்தின் லட்சணத்தை முதுகிலேயே சுமக்கிறவன் நீ, என்னை நம்பாதவன் நீ, அதே வைத்தியத்தை, அதே வார்த்தையில் உன் பிள்ளைக்குச் செய்கிறாய். பயந்துபோய்த்தான் செய்திருப்பாய். பெரிதாக ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு செய்திருப்பாய். ஆனால் நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிருக்க, இந்த ஒன்று மட்டும் உன்னிடம் தங்கிவிட்டதே என்று அந்த ஜெராக்ஸ் கடை வாசலிலேயே என்னை நானே திட்டிக்கொண்டேன். பிள்ளைக்கு ஒரு ஜூஸ்கூட வாங்கித் தராமல் திரும்பிவிட்டேன். நான் வந்ததை அப்பாவிடம் சொல்லாதே என்றேன். அவளையும் மறைக்கப் பழக்கிவிட்டேன் பார்.

இந்தக் கடிதத்தை நகல் எடுத்து உப்பளத்து டீக்கடையிலும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். என் யோசனையைக் கேட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கும் பக்கம் மாற்றினவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். என் மேல் உனக்குள்ள கோபம் நியாயமானது, அது அப்படியே இருக்கட்டும், நான் செத்தால்கூட வராதே, அதைக் கேட்க எனக்கு வாயில்லை. நான் சொல்வதால்தான் இதைச் செய்யக்கூடாது என்று மட்டும் நினைக்காதே. என் பேச்சு என்பதை மறந்துவிடு. உன்னை அன்றைக்குக் குனியவைத்துப் பார்த்த அந்த டாக்டரம்மா சொல்வதாக நினைத்துக்கொள். அவர் சரியாகத்தான் பார்த்தார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமை உட்காருகிறாராம். உன் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனாலும் நீ வரமாட்டாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. நான் முதல் பஸ்ஸில் வந்து ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன், உன் எதிரிலும் வரமாட்டேன், சீட்டை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இந்த வெள்ளி இல்லையென்றால் அடுத்த வெள்ளி, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வெள்ளி. சீட்டு எழுதுகிற இடத்தில் பேரும் வயசும் கேட்பார்கள். தர்ஷினி, பதினொன்று என்பேன். பேஷண்ட் எங்கய்யா என்பார்கள். "அவங்கப்பா கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்று சொல்வேன்.

அப்பா